முதுகில் இருந்த குழந்தை

“அந்தக் குழந்தையை அவள் வேறு யாரிடம் விட்டுவிட்டு வந்திருக்க முடியும்?” என்று கேட்டார் அந்த அம்மா, தட்டு கழுவுவதை நிறுத்தாமலே. தென்னாப்பிரிக்காவின் டர்பனை ஒட்டிய, இந்தியர்கள் பெரும்பாலும் வாழும் சாட்ஸ்வர்த்தில், தோழி ஒருத்தியின் உறவினர் வீட்டில் இரண்டு வாரம் தங்கியிருந்தபோது, ஓர் ஆகஸ்ட் 9 மாலை, மதிய விருந்து முடிந்து எல்லோரும் முன்னறையில் பேசிக்கொண்டிருந்த வேளையில் அந்த வீட்டில் வேலை செய்யும் அவர் சமையலறையில் என்னிடம் கேட்டது இது. குற்றஞ்சாட்டும் குரல் அதில் இல்லை. கணக்கில் விடுபட்ட ஓர் எண்ணைச் சுட்டிக்காட்டுவதுபோல் கேட்டுவிட்டு அடுத்த தட்டை எடுத்துக்கொண்டார். இரண்டு ஆண்டுகளாகியும் அந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தென்னாப்பிரிக்காவில் ஆகஸ்ட் 9 மகளிர் தினம், 1995 முதல் அரசு விடுமுறை. அன்று காலை அந்தப் பகுதிப் பெண்கள் சங்கம் ஒன்றின் கூட்டத்தில் என்னைப் பேசச் சொல்லியிருந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவள் என்பதால் தில்லையாடி வள்ளியம்மையைப் பற்றிச் சொன்னால் போதும் என்றுதான் கேட்டுக்கொண்டார்கள். நானோ படித்துவிட்டு வந்த உற்சாகத்தில் 1956-ஆம் ஆண்டு ஊர்வலத்தையும் சேர்த்துக்கொண்டேன். கறுப்பினப் பெண்களும் பாஸ் புத்தகம் (நகரத்தில் இருப்பதற்கான அனுமதிப் புத்தகம்) வைத்திருக்க வேண்டும் என்ற ஆணையை எதிர்த்து ஏறத்தாழ 20,000 பெண்கள் பிரிட்டோரியாவுக்குத் திரண்டு வந்ததையும், ஊர்வலம் தடைசெய்யப்பட்டிருந்ததால் இரண்டு மூன்று பேராகப் பிரிந்து நடந்தே அரசின் தலைமை அலுவலகமான யூனியன் பில்டிங்ஸ் படிகளை அடைந்ததையும், பிரதமர் ஸ்ட்ரைடம் அங்கே இல்லாததால் மனுக்கட்டுகளை அவருடைய அலுவலகத்தில் வைத்துவிட்டு அரை மணி நேரம் பேச்சற்று நின்றதையும் சொன்னேன். லிலியன் எங்கோயி, ஹெலன் ஜோசப், ரஹிமா மூசா, பதினெட்டே வயதான சோஃபியா வில்லியம்ஸ் என்று அரசாங்கம் நான்கு இனங்களாகப் பிரித்து வைத்திருந்த நான்கு பெண்கள் முன்னால் நின்றதைச் சொன்னபோது அரங்கில் சிலர் தலையசைத்தார்கள். இந்தியப் பெண்கள் வெள்ளைச் சேலை உடுத்தி வந்திருந்தார்கள் என்றபோது முன்வரிசைப் பாட்டி ஒருவர் தன் சேலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அதன் பிறகு, கைதட்டலுக்கென்றே கடைசிக்கு வைத்திருந்த செய்தியைச் சொன்னேன். அன்று வந்திருந்த வீட்டுப் பணிப்பெண்களில் சிலர் தங்கள் வெள்ளை முதலாளியம்மாக்களின் குழந்தைகளையும் உடன் அழைத்து வந்திருந்தார்கள். கறுப்புத் தாயின் முதுகில் வெள்ளைக் குழந்தை. வரப்போகும் தேசத்தின் சித்திரம் அந்தப் படிகளிலேயே வரையப்பட்டுவிட்டது என்று முடித்தேன். கைதட்டல் கிடைத்தது. அதே செய்தியை மாலையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவரிடம், அவருக்கு ஏதோ பரிசு கொடுப்பதைப்போன்ற நினைப்போடு சொன்னபோதுதான் அவர் அப்படிக் கேட்டார். சித்திரம் கலைந்தது. அங்கே ஒரு வேலைநாள் இருந்தது. அந்தப் பெண் வேலைக்கு விடுப்பு எடுக்கவில்லை, எடுக்க வழியும் இருந்திருக்காது. சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்ளும் குழந்தையை வீட்டில் தனியே விட்டு வந்தால் வேலையும் போகும், வேலை போனால் அந்த நகரத்தில் இருக்கும் உரிமையும் போகும். முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு போராட்டத்துக்கு வந்ததை இன ஒற்றுமை என்று நான் வாசித்தேன். வேலையைச் செய்துகொண்டே போராட வேண்டியிருந்த நிலை என்று அவர் வாசித்தார். அந்தக் குழந்தையின் தாய் அன்று எங்கே இருந்தாள் என்பதை அரங்கில் யாரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

மாதக் கடைசியில் ஒரு கையெழுத்து

பாஸ் சட்டம் என்றவுடன் தெருமுனையில் நிறுத்திச் சோதிக்கும் காவலர்தான் நம் மனக்கண்ணில் வருகிறார். ஆனால் வீட்டு வேலை செய்த பெண்களைப் பொறுத்தவரை அந்தச் சட்டம் சமையலறை வழியாகத்தான் உள்ளே வந்தது. பாஸ் புத்தகத்தில் வேலை கொடுப்பவர் மாதந்தோறும் கையெழுத்திட வேண்டும். கையெழுத்து இல்லாவிட்டால் அவள் வேலையற்றவள். நகரத்தை விட்டு அவளை அப்புறப்படுத்தலாம். வீட்டுப் பணிப்பெண்ணுக்கு அந்தக் கையெழுத்தைப் போடுபவர் பெரும்பாலும் வீட்டின் பெண்மணிதான். ஒரு பெண் இந்த நகரத்தில் இருக்கலாமா கூடாதா என்பதை மாதத்துக்கு ஒரு முறை இன்னொரு பெண்ணின் பேனா முடிவு செய்தது. காவல் நிலையமும் அமைச்சரவையும் செய்த வேலையின் ஒரு பகுதியை, காய்கறிக் கூடைக்கும் பால் கணக்குக்கும் நடுவே, இல்லத்தரசிகள் செய்துகொடுத்தார்கள். பெண்கள் என்ற ஒரே காரணத்துக்காக இந்த இருவரும் ஓரணியில் நின்றுவிடுவார்கள் என்று எதிர்பார்ப்பது எத்தனை பெரிய எதிர்பார்ப்பு என்று யோசித்துப் பார்க்கிறேன்.

கையெழுத்திட்டவர்கள் வெள்ளைப் பெண்கள் மட்டும் அல்லர். இந்திய வீட்டில் வேலை பார்த்தவருக்கும் அதே புத்தகம்தான், அதே விதிதான். என்னை வீட்டில் தங்கவைத்திருந்த அக்காவின் குடும்பம் ஒரு காலத்தில் சிறிய மளிகைக் கடை வைத்திருந்தது. 1970-களில் அவருடைய அம்மா மாதக் கடைசியில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பணிப்பெண்ணின் புத்தகத்தில் கையெழுத்திடும் காட்சியை அக்கா அன்று மதியம் விருந்தாளிகளிடம் விவரித்தார். “எங்கள் அம்மா ஒரு மாதம்கூடத் தவறவிட்டதில்லை, அவளைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகக்கூடாது என்று அத்தனை கவலை” என்றார். அவர் சொன்னது உண்மை என்றுதான் நம்புகிறேன். அந்த அம்மாளுக்கு அக்கறை இருந்திருக்கிறது. அந்த அக்கறையின் கையில் இருந்த பேனாவை வாங்கிக் கொடுத்தது நிறவெறி அரசு என்பதும், 1986-இல் பாஸ் சட்டம் நீக்கப்படும்வரை அந்தப் பேனா ஓயவில்லை என்பதும் அதே அளவு உண்மை. அக்கறையையும் அதிகாரத்தையும் தனித்தனியே பிரித்தெடுத்துக் காட்ட என்னால் முடியவில்லை. அந்தச் சமையலறைகளில் வாழ்ந்தவர்களுக்கும் முடிந்திருக்காது.

அழைக்காதவர்களும் அழைத்தவர்களும்

1956 ஊர்வலத்துக்கு ஒரு முன்கதை உண்டு. அன்றைய உரையில் நான் அதைச் சேர்க்கவில்லை. கேப் மாநிலத்தின் கலப்பினத்தவரை வாக்காளர் பட்டியலிலிருந்து வெளியேற்ற வசதியாக மேலவையை அரசு தன் ஆட்களால் நிரப்ப முனைந்தபோது, 1955 மே மாதத்தில் ஜோகன்னஸ்பர்க்கில் ஆறு வெள்ளைப் பெண்கள் ஒரு தேநீர் வேளையில் தொடங்கிய இயக்கம்தான் பிறகு பிளாக் சாஷ் என்று பெயர் பெற்றது. அரசியல் சட்டம் செத்துவிட்டது என்று துக்கம் காட்டும் விதமாக வெள்ளை உடையின் குறுக்கே கறுப்புப் பட்டை அணிந்து யூனியன் பில்டிங்ஸில் இரவு பகலாக அமர்ந்தார்கள். துணிச்சலான செயல்தான். ஆனால் யாருடைய வாக்குரிமைக்காகத் துக்கம் அனுசரித்தார்களோ அந்த இனப் பெண்களுக்கு அந்த அமைப்பில் உறுப்பினராக இடம் இல்லை. 1963-இல்தான் கதவு எல்லோருக்கும் திறந்தது.

தென்னாப்பிரிக்கப் பெண்கள் கூட்டமைப்பு, பிளாக் சாஷ் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டிலேயே, 1954 ஏப்ரலில், எல்லா இனப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு உருவாகியிருந்தது. வெள்ளைப் பெண்களின் அந்த உட்காரும் போராட்டத்தைப் பற்றிக் கூட்டமைப்பின் கூட்டத்தில் பேச்சு வந்தபோது, கறுப்பின உறுப்பினர் ஒருவர் எழுந்து, அவர்கள் நம்மை அழைக்கவில்லை, நாமும் அங்கே போவோம், ஆனால் நாம் எல்லா இனப் பெண்களையும் அழைப்போம் என்ற பொருளில் பேசியதாக ஹெலன் ஜோசப் பதிவு செய்திருக்கிறார். அந்தப் பேச்சிலிருந்துதான் 1955 அக்டோபரில் ஏறத்தாழ 2,000 பெண்களின் முதல் பயணமும், மறு ஆண்டில் பத்து மடங்கு பெரிய பயணமும் பிறந்தன. அவமதிப்பிலிருந்து பிறந்த அழைப்பு என்பதால்தான் அது எனக்கு முக்கியமாகப் படுகிறது. வெளியே நிறுத்தப்பட்டவர் வாசலில் நின்று கதவைத் தட்டவில்லை; தானே வேறொரு வீட்டைக் கட்டி, தன்னை வெளியே நிறுத்தியவர்களுக்கும் அதில் இடம் வைத்தார்.

அதற்காக பிளாக் சாஷைக் கேலிக்குரியதாக்கிவிட எனக்கு விருப்பம் இல்லை. கேப் டவுனில் பாஸ் குற்றத்துக்காகக் கைதான பெண்களுக்கு ஜாமீன் கட்டுவதில் தொடங்கி, 1958 முதல் ஆலோசனை நிலையங்களை நடத்தி, பல பத்தாண்டுகள் சலிப்பூட்டும் படிவ வேலையைப் பொறுமையாகச் செய்தார்கள். 1990-இல் விடுதலையான நாளன்றே மண்டேலா அவர்களைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். துக்கப் பட்டை அணிந்து நின்ற நாட்களைக் காட்டிலும், வரிசையில் காத்திருந்த ஒரு பெண்ணின் புத்தகத்தை வாங்கி, எந்தப் பிரிவின்கீழ் அவளை நகரத்தில் தங்கவைக்கலாம் என்று தேடிய நாட்கள்தான் அவர்களை மாற்றியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. வெள்ளைப் பெண்களுக்கு 1930-இல் வாக்குரிமை கிடைத்த விதத்தை நினைத்தால் அந்த மாற்றத்தின் தொலைவு விளங்கும். அந்தச் சட்டம் வெள்ளையர் வாக்குகளை ஏறத்தாழ இரட்டிப்பாக்கி, கேப் மாநிலக் கறுப்பின ஆண்களுக்கு இருந்த சொற்ப வாக்குகளின் எடையைக் குறைத்தது. வாக்குரிமைச் சங்கத்தின் பெரும்பான்மையினர் அதைத் தங்கள் வெற்றியாகவே கொண்டாடினார்கள்.

ஹெலன் ஜோசப்பும் லிலியன் எங்கோயியும் உண்மையான தோழியர். (இங்கிலாந்தில் பிறந்த ஹெலன் இளவயதில் நம் ஹைதராபாத்தில் சில ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தவர் என்பதை அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டேன்.) இருவரும் தேசத்துரோக வழக்கில் சேர்ந்தே குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். 1962-இல் அந்நாட்டில் முதன்முதலாக வீட்டுக்காவலில் வைக்கப்பட்டவர் ஹெலன்தான். ஆனாலும் அவர் அடைபட்டிருந்தது வெள்ளையர் பகுதியில் தோட்டம் உள்ள வீட்டில். லிலியன் தடையாணையோடு பல ஆண்டுகள் கறுப்பினத்தவர் பகுதியான சொவெட்டோவின் சிறு வீட்டில் தையல் இயந்திரத்தை நம்பிப் பிழைத்தார். ஒரே போராட்டம், ஒரே வழக்கு என்றாலும் தண்டனையை நிறம் பார்த்தே அரசு பங்கிட்டது. ஹெலனுக்கு அது தெரிந்திருந்தது, அதை மறைக்கவும் இல்லை. அவர்கள் நட்பு நிலைத்ததற்கு அது ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

வள்ளியம்மை நின்ற இடம்

இதுவரை எழுதியதை வெள்ளைப் பெண்களின் கதையாகவே முடித்துக்கொண்டு போயிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். ஆனால் நான் நின்றது தமிழ் வீட்டுச் சமையலறையில்.

வள்ளியம்மையின் கதை நமக்குப் பாடப்புத்தகத்திலிருந்தே தெரியும். 1913-இல் மூன்று பவுண்டு வரியையும் இந்தியத் திருமணங்களைச் செல்லாதவையாக்கிய தீர்ப்பையும் எதிர்த்துத் தமிழ்ப் பெண்கள் எல்லை தாண்டிச் சிறை சென்றார்கள். அதே 1913-இன் மே, ஜூன் மாதங்களில் ப்ளூம்ஃபோன்டெயின் நகரில் கறுப்பினப் பெண்கள் தங்கள் மீது சுமத்தப்பட்ட அனுமதிச் சீட்டுகளைக் கிழித்தெறிந்து சிறை புகுந்தார்கள் என்பது எனக்கு நாற்பது வயதுவரை தெரியாது. ஒரே நாட்டில், ஒரே ஆண்டில், தாமாக முன்வந்து சிறை செல்வது என்ற ஒரே முறையில், இரண்டு பெண்கள் கூட்டம். இவர்கள் சந்திக்கவில்லை. ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட்டில் இந்தியர்கள் குடியிருக்கவே தடை இருந்தது என்பது ஒரு காரணம். காந்தியின் இயக்கம் இந்தியர்களின் குறைகளை மட்டுமே கோரிக்கையாக வைத்தது என்பது இன்னொரு காரணம். வள்ளியம்மையைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. 1914 பிப்ரவரியில், சிறைக் காய்ச்சலோடு, பதினாறே வயதில் செத்துப்போன பெண் அவர். அவரை மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டு, தென்னாப்பிரிக்கப் பெண்களின் போராட்டத்தைத் தெரியும் என்று நினைத்திருந்த என்னைத்தான் சொல்ல வேண்டும்.

சந்திப்பு நடந்தது மிகவும் பின்னால், மிகவும் மோசமான ஒரு நிகழ்வுக்குப் பிறகு. 1949 ஜனவரியில் டர்பனில் ஸூலுக்களுக்கும் இந்தியர்களுக்கும் இடையே வெடித்த கலவரத்தில் 142 பேர் செத்தார்கள். நிலமும் கடையும் பேருந்தும் பெரும்பாலும் இந்தியர் கையில், வாடகைக் குடிசைகள் கறுப்பினத்தவருக்கு என்றிருந்த கேட்டோ மேனர் பகுதி பற்றி எரிந்தது. அந்தச் சாம்பலின் மேல்தான் 1952-இல் பெர்த்தா ம்கீசேயும் ஃபாத்திமா மீரும் டர்பன் வட்டாரப் பெண்கள் சங்கத்தை ஆரம்பித்தார்கள். ஒருவர் ஸூலு தையற்காரர், மற்றவர் குஜராத்தி முஸ்லிம் குடும்பத்துப் பட்டதாரி. கேட்டோ மேனரில் குழந்தைகள் காப்பகமும் பால் விநியோகமும் நடத்துவதிலிருந்து தொடங்கினார்கள். பகல் வேலைக்குப் போகும் தாய் குழந்தையை எங்கே விடுவாள் என்ற, எனக்கு 1956 ஊர்வலத்தில் தோன்றாத அதே கேள்வி, அவர்களுக்கு முதல் நாளே தோன்றியிருக்கிறது.

1975 டிசம்பரில் டர்பனிலேயே கறுப்பினப் பெண்கள் கூட்டமைப்பு தொடங்கியபோது தலைவரானவர் ஃபாத்திமா மீர். இந்திய, கலப்பினப் பெண்களும் தங்களைக் கறுப்பர் என்று அழைத்துக்கொண்ட காலம் அது. தோலின் நிறத்தைப் பார்க்காமல், யார் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதைப் பார்த்து வைத்த பெயர். 1977-இல் அரசு அந்த அமைப்பைத் தடைசெய்தது. அந்தப் பொதுப்பெயர் இன்று சாட்ஸ்வர்த்தில் எத்தனை வீடுகளில் செல்லுபடியாகும் என்று எனக்குச் சந்தேகம். 2021 ஜூலைக் கலவரத்தின்போது, டர்பனுக்கு வடக்கே பெரும்பாலும் இந்தியர்கள் வாழும் ஃபீனிக்ஸில் 36 பேர் கொல்லப்பட்டார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அதன் பிறகு அங்கே யாரும் அந்தப் பேச்சைச் சாதாரணமாக எடுப்பதில்லை என்பதை விருந்து மேசையில் ஒரே ஒரு முறை அந்த ஊர்ப்பெயரைச் சொல்லிப் புரிந்துகொண்டேன்.

யார் பேசுவது

1991 ஜனவரி இறுதியில், டர்பனின் நட்டால் பல்கலைக்கழகத்தில் பெண்களையும் பாலினத்தையும் பற்றிய மாநாடு ஒன்று நடந்தது. ஆய்வுரைகளில் பெரும்பாலானவை வெள்ளைப் பேராசிரியர்களுடையவை. ஆய்வுப்பொருளோ கறுப்பினப் பெண்களின் வாழ்க்கை. எங்களைப் பற்றி எங்கள் முன்னாலேயே நீங்கள் பேச, நாங்கள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமா என்று களப்பணியில் இருந்த கறுப்பினப் பெண்கள் எழுந்து கேட்டார்கள். மறு ஆண்டு ஜூலையில் நைஜீரியாவின் என்சுக்காவில் ஒபியோமா என்னேமேகா கூட்டிய மாநாட்டிலும் இந்தத் தீ பற்றியது. வெள்ளைப் பெண்கள் அங்கே கட்டுரை வாசிக்கக் கூடாது என்று ஒரு சாரார் வற்புறுத்தினார்கள். அழைத்தவர்களான நைஜீரியப் பெண்கள் பலர், விருந்துக்கு வந்தவர்களை வாசலில் நிறுத்துவது எங்கள் வழக்கம் அல்ல என்ற தொனியில் மறுத்தார்கள். வெள்ளை முதலாளியம்மாவின் சமையலறையில் வளர்ந்த கோபமும், அப்படிப்பட்ட சமையலறையே இல்லாத நாட்டின் நிதானமும் ஒரே அரங்கில் மோதிக்கொண்டன. ஆப்பிரிக்கப் பெண்ணியம் என்று ஒருமையில் எழுதும்போதெல்லாம் எனக்கு இப்போது அந்த அரங்கம் நினைவுக்கு வருகிறது.

முன்பெல்லாம் இந்தச் சண்டைகளைப் படிக்கையில் தயக்கமே இல்லாமல் கேள்வி கேட்டவர்கள் பக்கம் சாய்ந்துகொள்வேன். அந்த ஆகஸ்ட் 9 அன்று காலையில் மேடையேறி ஒரு கறுப்பினப் பணிப்பெண்ணின் முதுகைச் சித்திரமாக்கிக் கைதட்டல் வாங்கியவள் நான். அந்தக் கூட்டத்தில் கறுப்பினப் பெண் ஒருவர்கூட இல்லை.

கைதட்டலோடு வீடு திரும்பிய மதியம் தாகம் எடுத்தது. சமையலறைத் தொட்டியருகே கவிழ்த்திருந்த நீல ஓரம் வைத்த எனாமல் குவளையைக் கையில் எடுத்தேன். அக்கா விரைந்து வந்து, “ஐயோ, அது வேண்டாம், அது அவளுடையது” என்று சொல்லி, அலமாரியிலிருந்து கண்ணாடித் தம்ளரை எடுத்துக் கொடுத்தார். ஐம்பதைக் கடந்த அந்த அம்மாவை அந்த வீட்டில் ‘கேர்ள்’ என்றுதான் குறிப்பிட்டார்கள். தனிக் குவளையின் பொருள் என்ன என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. டீக்கடைகளில் அதைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரி நான். ஆனால் நான் செய்தது, எனாமல் குவளையை இருந்த இடத்திலேயே கவிழ்த்து வைத்துவிட்டுத் தம்ளரில் தண்ணீர் குடித்ததுதான். விருந்தாளி, இங்கிதம், அக்காவின் மனம் என்று அப்போதே மூன்று காரணங்கள் தயாராக இருந்தன. அந்த அம்மா அடுப்பருகில்தான் நின்றிருந்தார். மாலையில் அவரிடம் பேசப் போனதற்கு, அவரிடம் எதையோ ஈடுகட்ட நினைத்ததே காரணம் என்று இப்போது புரிகிறது.

1992-இல் ஃப்ரீன் ஜின்வாலா ஒருங்கிணைக்க, ஆளும் தேசியக் கட்சிப் பெண்கள் முதல் ஆப்பிரிக்க தேசியக் காங்கிரஸ் பெண்கள் வரை ஒரே மேசையில் அமர்ந்த தேசியப் பெண்கள் கூட்டணி, அரசியல் சட்டத்தின் சமத்துவப் பிரிவிலிருந்து மரபுச் சட்டத்துக்கு விலக்கு கேட்ட பாரம்பரியத் தலைவர்களைத் தோற்கடித்தது. சாதாரண வெற்றி அல்ல அது. ஆனால் அந்தச் சமத்துவம் சமையலறைக்கு வந்து சேர்ந்த வேகத்தைப் பாருங்கள். வீட்டுப் பணியாளருக்குக் குறைந்தபட்ச ஊதியம் 2002-இல் வந்தது. வேலையில் அடிபட்டாலோ செத்தாலோ இழப்பீடு கேட்கும் உரிமை, 2012-இல் பிரிட்டோரியாவில் முதலாளி வீட்டு நீச்சல் குளத்தில் விழுந்து இறந்த மரியா மஹ்லாங்குவின் மகள் வழக்காடி, 2020 நவம்பரில் அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகே கிடைத்தது. அரசு விடுமுறையில் வேலை செய்தால் இரட்டைச் சம்பளம் என்றும் விதி இருக்கிறது. அந்த மகளிர் தினத்துக்கு அக்கா எவ்வளவு கொடுத்தார் என்று நான் கேட்கவில்லை.

1956 ஊர்வலத்தின் முழக்கத்தில் வரும் ‘இம்பொகொடோ’ என்ற சொல்லை நான் பாறை என்று மேடையில் மொழிபெயர்த்திருந்தேன். அதையும் அந்த அம்மாதான் மாலையில் திருத்தினார். கையை உருண்டையாகக் குவித்து, தானியத்தின் மேல் வைத்து முன்னும் பின்னும் தேய்ப்பதுபோல் காட்டினார். குழவிக்கல். அவருடைய பாட்டி வீட்டில் ஒன்று இருந்ததாம்.

மறுநாள் காலை அவர் வந்ததும், நேற்று அவருடைய பேத்தியை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்டேன். மகள் ஜோகன்னஸ்பர்க்கில் வேலை செய்கிறார், நாலு வயதுப் பேத்தி உம்லாஸியில் இவரோடு இருக்கிறாள் என்பதெல்லாம் முதல் வாரமே எனக்குத் தெரியும்.

“பக்கத்து வீட்டுக்காரி” என்றார். “ஐம்பது ராண்ட். விடுமுறை நாள் என்றால் அவளும் கூடக் கேட்கிறாள்.”